22 வருஷம் ஆச்சு, மாம்சம் இன்னும் சாகல

மார்ச் 6, 2025 - தொடக்கக் கேள்வி (திருப்பத்தூர் பக்கத்து வாசகர் ஒருவர்)

"ஞானஸ்நானம் எடுத்து 22 வருஷம் ஆகுது. நேத்து சாம்பல் புதன், உபவாசம் இருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பையன் சைக்கிளை வாசல்ல குறுக்கே போட்டிருந்தான். அடிச்சுட்டேன். நெத்தியில சாம்பல் அப்படியே இருக்கு, கை ஓங்கியாச்சு. பைபிள்ல ரோமர் 7ஆம் அதிகாரத்துல பவுல் 'நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்' என்கிறாரே, அது ரட்சிக்கப்படுறதுக்கு முந்தின பவுலா, பிந்தின பவுலா? முந்தினவர்னா நான் இன்னும் ரட்சிக்கப்படவே இல்லன்னு ஆகுது. பிந்தினவர்னா இது எப்பத்தான் முடியும்? வசனத்தோட பதில் வேணும். 'ஜெபம் பண்ணுங்க பிரதர்' வேண்டாம்."

மார்ச் 6, இரவு 10.20

பிந்தினவர்தான். வினைச்சொல்லைப் பாருங்க. 9ஆம் வசனத்துல "ஜீவனுள்ளவனாயிருந்தேன்", "மரித்தவனானேன்". எல்லாம் நடந்து முடிஞ்ச கதை. 14ல இருந்து "மாம்சத்துக்குரியவனாயிருக்கிறேன்", "செய்கிறேன்". பழைய கதையைச் சொல்லிட்டு வந்தவர் திடீர்னு "இப்ப நான்"னு பேச ஆரம்பிக்கிறார். 22ஆம் வசனத்துல தேவனுடைய நியாயப்பிரமாணத்தின்மேல் பிரியமாயிருக்கிறேன் என்கிறார். ரட்சிப்பே இல்லாதவனுக்கு அந்தப் பிரியம் எங்கேருந்து வரும்?

பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?

மார்ச் 7, காலை

நேத்து ரொம்ப அடிச்சுச் சொல்லிட்டேன் போல. ராத்திரி படுத்த பிறகு எதிர்க்கட்சி வாதமும் ஞாபகம் வந்துச்சு. அதே 14ஆம் வசனத்துல "பாவத்துக்குக் கீழாக விற்கப்பட்டு"ன்னு இருக்கு. அதுக்கு ஒரு அதிகாரம் முன்னாலதான், 6:18ல, "பாவத்தினின்று விடுதலையாக்கப்பட்டு" என்கிறார். விடுதலையானவனை யார் மறுபடி வித்தது? அதனால அந்த "நான்" பழைய பவுல், இல்லாட்டி நியாயப்பிரமாணத்தின் கீழ் மல்லுக்கட்டுகிற எந்த மனுஷனும்னு சொல்றவங்களும் விவரம் தெரிஞ்சவங்கதான். ஆதிச்சபையில ஓரிகன் தொடங்கிப் பல பேர் அந்தப் பக்கம்.

நாலு, அஞ்சாம் நூற்றாண்டுல வாழ்ந்த அகுஸ்தீனுடைய சங்கதிதான் ருசி. முதல்ல அவரும் இது கிருபைக்கு வெளியே நிக்கிற மனுஷன் குரல்னுதான் எழுதினார். வயசாக வயசாக, மனுஷன் சொந்த முயற்சியாலயே நல்லவனாகலாம்னு சொன்ன பெலாஜியஸ் ஆட்களோட வாதாடி வாதாடி, "இல்ல, இது கிருபைக்குள்ள வந்த பவுலேதான்"னு மாத்திக்கிட்டார். கடைசிக் காலத்துல தன் புத்தகங்களையெல்லாம் தானே திருத்தி ஒரு நூல் எழுதினப்ப, இதையும் ஒப்புக்கிட்டார். ஒரு பிஷப் தான் எழுதினதைத் தானே தப்புன்னு எழுதி வைக்கிறார். ரோமர் 7க்கு அதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியல.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கின லூத்தர் 1515, 1516ல ரோமருக்கு வகுப்பெடுத்தப்ப பிந்தின அகுஸ்தீன் பக்கம் நின்னார். ஒரே ஆள், ஒரே நேரத்துல நீதிமானும் பாவியும். வெஸ்லி கட்சிக்காரங்க, அதாவது மெதடிஸ்டுகள், மறுபக்கம்: விசுவாசி பாவத்தை ஜெயிச்சுடணும், ரோமர் 7லயே உக்காந்திருக்கக் கூடாது, விடுதலையைப் பேசுற 8க்கு வந்துடணும்.

நான் இன்னும் 7லதான் வாடகைக்கு இருக்கேன்.

மார்ச் 9, ஞாயிறு

"மாம்சம்" என்கிற சொல்லே சிக்கல். பழைய மொழிபெயர்ப்பைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது உடம்பு, அதுலயும் காமம். ஆனா கலாத்தியர் 5ல மாம்சத்தின் கிரியைகள்னு பவுல் போடுற பட்டியலைப் பாருங்க. விபசாரத்தோட தொடங்குறார். நடுவுல பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், பொறாமைகள்னு வரிசையா வந்து நிக்குது. அதுல பாதி உடம்பே இல்லாத பிசாசுக்கும் பொருந்தும். 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு இதை "ஊனியல்பு" ஆக்கிடுச்சு. முதல்ல எனக்குப் பிடிக்கல, மருத்துவச் சொல் மாதிரி இருந்துச்சு. இப்ப பரவாயில்ல. இயல்பு என்கிறது சரி. கெட்டது ஒண்ணு வெளியேருந்து வந்து ஒட்டுறதில்ல. விட்டா தானா அந்தப் பக்கம் சாயுற சாய்வு அது.

என் மாமியார் கத்தோலிக்கர், சருகணிப் பக்கம். அவங்க சின்னப்பிள்ளையில மனப்பாடம் பண்ணின ஞானோபதேசத்துல தலையான பாவம் ஏழு: அகங்காரம், கஞ்சத்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம் (பொறாமை), சோம்பல். அதுக்கு எதிரான புண்ணியம் ஏழு. அகங்காரத்துக்கு எதிர் தாழ்ச்சி. போசனப்பிரியத்துக்கு எதிர் மட்டசனம், அளவாச் சாப்பிடுறது. அந்த ஒரு வார்த்தைக்காகவே கத்தோலிக்கனா மாறலாம்.

இந்த இழையை அவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டுச் சொன்னாங்க: "நாப்பது வருசமா அதே பாவத்தைத்தான் சாமியார்கிட்ட சொல்றேன் மாப்பிள. ஆறு சாமியார் மாறிட்டாக. பாவம் மாறல." சொல்லிட்டு முருங்கைக்கீரை ஆய ஆரம்பிச்சுட்டாங்க. அதுல சோகமும் இல்ல, பெருமையும் இல்ல.

மார்ச் 12

இன்னிக்கு லெந்து, அதாவது தவசு காலக் கூட்டம். வந்த போதகர், செட்டிநாட்டு வீட்டுத் தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை வச்சுப் பிரசங்கம் பண்ணினார். "மிதிக்க மிதிக்கப் பளபளக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் போல, பிறர் மிதிக்க மிதிக்க விசுவாசி பிரகாசிக்கிறான்." ஜனங்க உச்சுக் கொட்டிட்டாங்க. நானும் குறிச்சு வச்சேன். பழைய வீடு மராமத்து எடுத்துச் செய்யிற எனக்கு இத்தனை வருஷமா இது தோணலையேன்னு கொஞ்சம் வயித்தெரிச்சல். காய்மகாரம்!

மார்ச் 13

கல் போடுற நண்பர்கிட்டச் சொன்னேன், சிரிச்சார். பளபளப்பு வர்றது கண்ணாடியில. இரும்புச் சட்டத்துக்குள்ள கண்ணாடித் தகடு வச்சு, அது மேல அச்சை வச்சு வண்ணச் சாந்தை ஊத்தி, மேல உலர் கலவை, அதுக்கு மேல சிமெண்டு. ஊறவச்சுக் காயவச்சுக் கண்ணாடியைக் கழட்டினா அந்த மொழுமொழுப்பு கல்லுல இறங்கி இருக்கும். நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அது கூடும், நிஜந்தான். ஆனா கண்ணாடி சரியில்லாத கல்லை நூறு வருஷம் மிதிச்சாலும் சொரசொரப்புதான்.

போதகர்கிட்டச் சொல்லல. சொன்னா எதுக்காகச் சொன்னேன்னு எனக்கே சந்தேகம் வரும்.

மார்ச் 15

வேறொருத்தர் நேத்து எழுதினது இந்த இழையிலேயே முக்கியமான ஒண்ணு: "தலைமுறை தலைமுறையா மிதிபட்டவன்கிட்டப் போய் மிதிபடுறதே பிரகாசம்னு பிரசங்கிக்காதீங்க. உங்க கல்லு உவமை யாருக்கு வசதின்னு யோசிங்க."

இதுக்குப் பதில் இல்ல, ஒத்துக்கிறதுதான். என் பங்குக்கு இலக்கணம் மட்டும் சொல்றேன். தாழ்த்தப்பட்டான், தாழ்த்திக்கொண்டான். ரெண்டும் ஒரே வேர், ஆனா வேற வேற வாழ்க்கை. பிலிப்பியர் 2:8 "தம்மைத்தாமே தாழ்த்தினார்" என்குது. அந்தத் "தம்மைத்தாமே"யை எடுத்துட்டா அங்க சுவிசேஷம் இல்ல. அடுத்தவனை அமுக்கி வச்சுட்டு அதுக்குத் தாழ்மைன்னு பேர் வைக்கிறதுக்கு வேதத்துல இடமில்ல. நம்ம ஊர்ச் சபைகள்ல யார் எந்தப் பெஞ்சுல உக்காந்தாங்கன்னு பெரியவங்களைக் கேளுங்க. இதுக்கு மேல நான் எழுதினா நல்லாருக்காது. அமுக்கினவங்க பக்கத்துல பொறந்தவன்தான் நானும்.

மார்ச் 19

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "சரி, தாழ்மை நடைமுறையில எப்படி இருக்கும், ஒரு உதாரணம் சொல்லுங்க" என்கிறார். என் வேலையிலேருந்து ஒண்ணு.

காரைக்குடி பக்கத்துல ஒரு பழைய வீடு. மேயில வீட்டுக்கார ஐயாவுக்கும் ஆச்சிக்கும் சாந்திக் கல்யாணம். அதுக்காக முகப்பும் வளவும் (உள்முற்றம்) சரி பண்ணுறோம். பட்டாலை, அதாவது கூடத்துச் சுவர் ஒண்ணு ஓதம் ஏறிப் பொரிஞ்சு கிடந்துச்சு. அதை அந்தக் காலத்து முறையிலேயே பூசணும்னு ஆச்சி பிடிவாதம். சுண்ணாம்பை ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணி விட்டு அரைச்சு, கை கையாப் பூசி, கடைசிக் கைக்கு முட்டை வெள்ளைக்கரு. அது ஈரமா இருக்கும்போதே கூழாங்கல்லால தேய்க்கணும். விட்ட இடத்துலயே மறுபடி தொட்டா ஒட்டுத் தெரியும். அதனால ஒரு பத்தியை எடுத்தா முடிச்சுட்டுத்தான் தண்ணி குடிக்கவே எறங்கணும். அப்புறம் நாள் கணக்குல சுவர் வியர்க்கும். வெள்ளைத் துணியால ஒத்தி ஒத்தி எடுக்கணும். ஒத்தி முடிச்சா முகம் பாக்கலாம்.

பிப்ரவரியில ஆச்சி சென்னையிலேருந்து வந்தாங்க. சுவர்கிட்ட நின்னு கையால தடவிப் பார்த்துட்டு, "மேஸ்திரி, எங்க அப்பச்சி காலத்துச் சுவரு மாதிரியே இருக்கே"ன்னு அப்பாவை நினைச்சுக் கண்ணு கலங்கிட்டாங்க. கூட வந்தவங்க பத்துப் பேர். எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னால ஒண்ணும் இல்ல ஆச்சி, எல்லாம் ஆண்டவர் கிருபை"ன்னேன். அந்த நிமிஷம் உள்ள ஒரு துளி பெருமை இல்ல. சத்தியமாச் சொல்றேன். இருபது வருஷம் முன்னாடின்னா நெஞ்சை நிமித்தி இருப்பேன். ஆக மாம்சம் சாகாட்டியும் மெலியும். நம்பிக்கையோட இருங்க.

மார்ச் 20, காலை 6.10

தேவகோட்டை வாத்தியார் ஒரே வரி எழுதியிருக்கார்: "சுவரைப் பூசினது யார்?"

மார்ச் 20, காலை 6.25

அது இங்க கேள்வியே இல்லையே சார். பேசுறது தாழ்மையைப் பத்தி. வேலையை எடுத்துச் செய்யிறவன் நான், பொறுப்பு என்னது, ஓதம் எங்கேருந்து ஏறுதுன்னு கண்டுபிடிச்சது நான். ஒரு சாட்சி சொன்னா அதுல நொட்டை கண்டுபிடிக்கிற வழக்கம் நம்ம விசுவாசிகளுக்கே உண்டு.

மார்ச் 23, ஞாயிறு

மேல இருக்கிற 6.25ஐ அழிச்சுடலாம்னு மூணு நாளா யோசிச்சேன். கிடக்கட்டும்.

சுவரைப் பூசினது எங்ககிட்ட வர்ற பெரியவர் ஒருத்தர். எழுபது வயசு இருக்கும். கிறிஸ்தவர் இல்ல, கருப்பர் கோயில்ல கும்பிட்டுட்டுத்தான் கரணையைத் தொடுவார். கூழாங்கல் அவருடையது, அவங்க அப்பா வச்சிருந்தது. உள்ளங்கையில அடங்கும், ஒரு பக்கம் தேய்ஞ்சு தட்டையாயிருக்கும். நான் அந்தக் கல்லைத் தொட்டது ஒரே தடவை. ஓரத்துல ஒரு சாண் தேய்ச்சேன். வரி வரியா விழுந்துச்சு. ஒண்ணும் சொல்லாம வாங்கி, அந்த ஒரு சாணைச் சுரண்டிட்டு மறுபடி பூசினார்.

ஆச்சி சுவரைத் தடவினப்ப அவர் இரண்டாம் கட்டுல, தூண் ஓரமா, துணியை அலசிக்கிட்டு இருந்தார். ஒரு கை நீட்டி, "இவர்தான் ஆச்சி"ன்னு காட்டியிருந்தா போதும். ரெண்டு வார்த்தை. அதுக்குப் பதிலா நான் ஆண்டவர் பேரைச் சொன்னேன். அதனால என்ன ஆச்சுன்னா, பெரியவருக்குப் போகவேண்டியதை ஆண்டவர் பேருக்கு எழுதிட்டு, "அடடா, எவ்வளவு தாழ்மையான மனுஷன்" என்கிறதை நான் வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். ரசீது ஆண்டவர் பேருல, ரொக்கம் எனக்கு.

அந்த நிமிஷம் பெருமையே இல்லன்னு எழுதியிருந்தேன். அதுவும் நிஜந்தான், அதான் பயமா இருக்கு. பெருமைன்னா நெஞ்சு விம்மும், கண்டுபிடிச்சுடலாம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இது ஒரு அசைவும் இல்லாம, கும்பிட்ட கைக்குள்ளேயே நடந்து போச்சு.

கொலோசெயர் 2ஐ மறுபடி எடுத்துப் பார்த்தேன். 18ஆம் வசனத்துல "கட்டாயமான தாழ்மை", 23ல "மாயமான தாழ்மை". 18 முடியிற இடம்தான் குத்துது. அந்தத் தாழ்மைக்காரன் எதனால வீணா இறுமாப்புக் கொள்றானாம்? "தன் மாம்சசிந்தையினாலே." நாம மாம்சத்தைக் கோபத்துலயும் இச்சையிலயும் தேடிக்கிட்டு இருக்கோம். பவுல் அதைத் தாழ்மைக்குள்ள போய்ப் பிடிக்கிறார்.

வாத்தியார், மன்னிச்சுக்குங்க.

மார்ச் 24

"இப்படி ஒப்புக்கொள்றதுதான் பிரதர் உண்மையான தாழ்மை"ன்னு நாலு பேர் எழுதிட்டீங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க. நாலாவதைப் படிக்கும்போது அஞ்சாவது வருதான்னு பார்த்தேன்.

மார்ச் 30

ஒரு திருத்தம். வெஸ்லி பத்தி 7ஆம் தேதி எழுதினது பாதிதான். மெதடிஸ்ட் வாசகர் ஒருத்தர் காதைத் திருகியிருக்கார். வெஸ்லியே 1763ல விசுவாசிகளுக்குள் இருக்கும் பாவம் பத்தித் தனியா ஒரு பிரசங்கம் எழுதியிருக்கார். பாவம் விசுவாசிக்குள்ள தங்கியிருக்கும், ஆனா ஆளுகை செய்யாது என்கிறது அதோட சாரம். தங்குறதும் ஆளுறதும் வேற. வீட்டுக்குள்ள எலி இருக்கிறதுக்கும் எலிக்கு வீட்டை எழுதிக் குடுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். அவரும் நானும் நினைச்ச அளவுக்குத் தூரத்துல இல்ல.

அதே நபர் லூத்தரோட 1517ஆம் வருஷத்து 95 வாக்கியங்கள்ல முதலாவதையும் ஞாபகப்படுத்தினார்: விசுவாசியின் வாழ்நாள் முழுக்கவே மனந்திரும்புதலா இருக்கணும்னு கிறிஸ்து விரும்பினார். முதல் கேள்விக்காரரே, "எப்பத்தான் முடியும்"னு கேட்டீங்கள்ல, லூத்தர் கணக்குப்படி முடியாது. உங்க 22 வருஷம் வீண் போகல, தவணை இன்னும் ஓடுது, அவ்வளவுதான்.

வேறொண்ணு. ஆறாம் நூற்றாண்டுல பெனடிக்ட், மாமியார் மொழியில ஆசீர்வாதப்பர், துறவிகளுக்கு எழுதின ஒழுங்குல ஏழாவது அதிகாரம் முழுக்கத் தாழ்ச்சிதான். யாக்கோபு கண்ட ஏணி மாதிரி 12 படி. தாழ்ச்சியால ஏறுறோம், உயர்த்திக்கிட்டா இறங்குறோம். சாரத்துல ஏறி எறங்கிப் பிழைக்கிறவனுக்கு இது தலைகீழா இருக்கு, ஆனா பிடிச்சிருக்கு. அதுல ஏழாவது படி: எல்லாரையும்விட நான் கீழானவன்னு நாக்கால சொன்னா போதாது, உள்ளத்தாலயும் நம்பணும். ஏழாவதுக்கு வந்துதான் அதைக் கேட்கிறார். அதுக்கு முன்னால ஆறு படி கீழ்ப்படிதல், பொறுமை, கிடைச்ச வேலையில திருப்தின்னு போகுது. நம்ம ஆட்கள் எடுத்த எடுப்புல "நான் மகா பாவி"ன்னு ஏழாம் படியில காலை வைக்கிறோம்.

பவுலும் அந்த இடத்துக்குச் சட்டுனு வரல. கொரிந்தியருக்கு எழுதும்போது "அப்போஸ்தலரெல்லாரிலும் நான் சிறியவன்". எபேசியருக்கு "பரிசுத்தவான்களெல்லாரிலும் சிறியவனாகிய நான்". தீமோத்தேயுவுக்கு "பாவிகளில் பிரதான பாவி நான்". வயசு ஏற ஏற வரிசையில பின்னாடி பின்னாடி போறார். கடைசியில "இருந்தேன்"னுகூடச் சொல்லல.

ஏப்ரல் 6

மாமியாரைக் கூட்டிக்கிட்டு ஓரியூர் போய் வந்தேன். அருளானந்தர், அதாவது சேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4ல வெட்டுப்பட்ட இடம். மண் சிவப்பு. ஜனங்க ஒரு பிடி காகிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போறாங்க. மாமியாரும் முந்தானையில முடிஞ்சாங்க. நான் புராட்டஸ்டண்ட் முகத்தை வச்சுக்கிட்டு நின்னேன்.

போர்ச்சுகல் அரண்மனையில இளவரசரோட வளர்ந்த பிள்ளை. இங்க வந்து பண்டாரச் சாமியாரா உடுத்தி, புலால் விட்டு, மறவ நாட்டுல நடந்து திரிஞ்சார். 1686ல பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, அப்புறம் ஐரோப்பாவுக்குப் போகவேண்டி வந்துச்சு. அந்தப் பழைய இளவரசர் இப்ப ராஜா, பேத்ரோ. இங்கேயே இரு, என் மகனுக்கு ஆசானா இருன்னு கேட்கிறார். இவர் 1690ல மறுபடி கப்பல் ஏறிட்டார். மூணு வருஷத்துல தலை போச்சு.

இதைத் தாழ்மைன்னு சொல்றதா, பிடிவாதம்னு சொல்றதா? மாமியாரைக் கேட்டேன். "அவருக்கு இங்க வேல இருந்துச்சு, வந்தாரு" என்றாங்க. அவ்வளவுதான். திரும்பும்போது தேவகோட்டையில டீ. அவங்க சர்க்கரை வேண்டாம்னாங்க. தவசு காலத்துக்கு விட்டிருக்காங்களாம். ஒரு மாசமா ஒரே வீட்டுல இருக்கோம், எனக்குத் தெரியாது. நான் லெந்துக்குப் போனைக் குறைச்சது தெரு முழுக்கத் தெரியும்.

ஏப்ரல் 12

ஆச்சிக்குப் போன் பண்ணிட்டேன். ஒரு வாரமா வசனமெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். "ஆச்சி, அன்னிக்கு நீங்க பாராட்டின சுவர் நான் பூசினது இல்ல, நம்ம பெரியவர் பூசினது. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது என் தப்பு."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுற சத்தம். நின்னதும் சொன்னாங்க: "அது தெரியுமே மேஸ்திரி. நீங்க கல்லைப் பிடிச்சா அப்படி வருமாக்கும்? அவுக அப்பாதான எங்க அப்பச்சிக்குப் பூசினாக. நான் அன்னைக்கு ரெண்டாம் கட்டுக்குப் போயி அவுக கையில வெத்தல பாக்கு வச்சுக் குடுத்துட்டுத்தான கார்ல ஏறுனேன். நீங்கதான் பத்துப் பேருக்குச் சாமி கதை சொல்லிக்கிட்டு நின்னீக. அது கெடக்கட்டும், கெழக்கு நிலைக்கு எண்ணெய் அடிச்சாச்சா?"

எண்ணெய் அடிக்கல.

ஆக, ஏமாந்தது அந்த வீட்டுல ஒருத்தரும் இல்ல. நான் மட்டும்தான்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன், இரவு 11.45

எங்க சபையில ஆயர் போன வருஷம்தான் பாதம் கழுவுற ஆராதனையை ஆரம்பிச்சார். இந்த வருஷம் பன்னிரண்டு பேர்ல நான் ஒருத்தன். ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டாங்க.

சுண்ணாம்புலயே நிக்கிறவன் கால் எப்படி இருக்கும்னு சுண்ணாம்பு வேலை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். குதிகால் ரெண்டும் பித்தவெடிப்பு, சில இடத்துல விரல் நகம் நுழையும். மூணு ராத்திரி வெந்நீர்ல காலை ஊறவச்சு, துவைக்கிற கல்லுல தேய்ச்சு, தேங்காய் எண்ணெய் போட்டு, பழைய சாக்ஸ் மாட்டிப் படுத்தேன். வீட்டுல கேட்டா, "என்ன, பொண்ணு பாக்கப் போறீங்களா?" இன்னிக்குச் சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னால ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிவிடுறதுக்காகக் கழுவிட்டுப் போறேன்!

ஆயருக்கு அறுபது வயசு, முழங்கால் வலி. ஒவ்வொரு நாற்காலி முன்னாலயும் கையை ஊன்றி ஊன்றி எறங்கினார். ஸ்டீல் பேசின், பச்சை பிளாஸ்டிக் மக்கு. தண்ணி குளிர்ச்சி. குனிஞ்சப்ப அவர் உச்சந்தலை வழுக்கையில வேர்வை முத்து முத்தா நிக்குது. வலது காலை முடிச்சார். இடது காலைத் தூக்கினப்ப குதிகால் அவர் உள்ளங்கையில சொரசொரன்னு உரசுச்சு. எவ்வளவு தேய்ச்சும் போகல. அவர் கை அங்க ஒரு நொடி நின்னுச்சு. நான் காலை இழுத்தேன். தன்னால இழுத்துக்கிச்சு. அவர் விடல. துண்டால விரலிடுக்கெல்லாம் துடைச்சுட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துட்டார்.

முப்பது வருஷமா சபையில எழும்பி நின்னு "நான் மகா பாவி"ன்னு சொல்லி வர்றேன், ஒரு நாளும் கூசினதில்ல. பித்தவெடிப்புக்குக் கூசிட்டேன். பேதுரு "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது"ன்னது தாழ்மைன்னுதான் ஞாயிறு பள்ளியில சொல்லிக் குடுத்தாங்க. இன்னிக்கு இழுத்தது அந்தக் கால்தான்னு நினைக்கிறேன்.

தூக்கம் வரல, அதான் இந்நேரத்துல.

ஏப்ரல் 21

முதல் கேள்விக்காரர் எழுதியிருக்கார். பையன்கிட்ட அன்னிக்கே மன்னிப்புக் கேட்டாராம். பையன் "சரிப்பா"ன்னுட்டுச் சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டானாம். நேத்து ஈஸ்டர் அன்னிக்கு மறுபடி அதே இடத்துல சைக்கிள். இந்தத் தடவை கத்தினதோட நிறுத்திக்கிட்டாராம். "இது ரோமர் 7ஆ, 8ஆ?" என்கிறார்.

ஏழே முக்கால்.

ஏப்ரல் 26, சனி

இதோட இந்த இழையில என் பக்கம் எழுத ஒண்ணும் இல்லன்னு நினைக்கிறேன், இது ஒண்ணைத் தவிர.

இன்னிக்குச் சம்பள நாள். எல்லாரும் போன பிறகு பெரியவரை நிறுத்தி வச்சேன். அவர்கிட்டயும் நேர்ல சொல்லிடணும்னு. "அண்ணே, அன்னிக்கு ஆச்சி வந்தப்ப உங்க பேரைச் சொல்லாம விட்டுட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. மன்னிச்சுக்குங்க"ன்னேன். குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்துச்சு.

அவர் துண்டை உதறித் தோள்ல போட்டார். "பேரு கெடக்குது தம்பி. அந்தச் சொவருக்குத் துணி போட்டு ஒத்துனது ரெண்டு நாளு. கணக்குல ஏறல. ஆயிரத்து எண்ணூறு."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏறல. பிப்ரவரிக் கணக்கு. பூச்சு முடிஞ்சதும் நான் வேற சைட்டுக்குப் போயிட்டேன். ஒத்துறது வேலைன்னே எனக்குத் தோணல. ரெண்டு மாசத்துக்கு மேல அவரும் கேட்கல. நான் ஒரு மாசமா அவரைப் பத்திதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், எழுதிக்கிட்டும் இருந்தேன்.

கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்கிட்ட இருக்கக் கூடாதுன்னு லேவியராகமம் 19ல இருக்கு. கொலோசெயரை மட்டும் புரட்டினேன், அந்தப் பக்கம் போகல.

குடுத்துட்டேன். எச்சி தொட்டு எண்ணிப் பார்த்து மடியில வச்சுக்கிட்டார். "தெக்குச் சொவரு எப்ப?"ன்னார். திங்கக்கிழமை சுண்ணாம்பு ஊறப்போடணும். முட்டைக்குச் சொல்லி வைக்கணும்.